பிள்ளைத்தாய்ச்சியின் மனமும் வயிற்றுப் பிள்ளையும்: தேவகோட்டையிலிருந்து வந்த ஒரு கேள்விக்குப் பதில்

தேவகோட்டையை அடுத்த ஊரிலிருந்து ஓர் ஆச்சி கேட்டிருக்கிறார். மகளுக்கு ஏழு மாதம். தலைப்பிரசவத்துக்காகத் தாய்வீட்டுக்கு வந்திருக்கிறாள். மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூரில் வேலை. வந்து மூன்று வாரமாகிறது, சரியான தூக்கம் இல்லை. சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துவிடுகிறாள். கேட்டால் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய் அழுகிறாள். சென்ற ஆண்டு மூன்றாம் மாதத்தில் ஒரு கரு கலைந்திருக்கிறது. பார்க்க வந்த உறவினர் ஒருவர், “நீ இப்படி அழுதுகொண்டிருந்தால் பிள்ளை மூளை வளராமல் பிறக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனாராம். அன்று முதல் அழவும் பயந்து, அழுதுவிட்டோமே என்று அதற்காகவும் அழுகிறாளாம். தாயின் மனநிலை உண்மையிலேயே பிள்ளையைப் பாதிக்குமா, பாதித்தால் நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்பது கேள்வி.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஆச்சி. தாயின் மனம் பிள்ளையை எட்டும். ஆனால் சில நாள் அழுததாலோ சில வாரம் கலங்கியதாலோ எந்தப் பிள்ளையின் மூளையும் வளராமல் போவதில்லை. அப்படிச் சொல்வது உண்மைக்கு மாறானது என்பதோடு, ஏற்கெனவே சுமக்க முடியாமல் சுமப்பவளின் தலையில் இன்னொரு மூட்டையையும் ஏற்றுவதாகும். காரைக்குடி வட்டாரத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் குழந்தை மருத்துவம் பார்த்து வருகிறேன். தாய் நலமில்லாதபோது குழந்தைக்கு என்ன ஆகிறது என்பதை எடை பார்க்கும் தராசிலேயே கண்டிருக்கிறேன். தாயைச் சுற்றியிருப்பவர்கள் நடந்துகொள்ளும் விதம் மாறியபோது அதே தராசு முள் நகர்ந்ததையும் கண்டிருக்கிறேன். ‘அவள் என்ன செய்ய வேண்டும்’ என்று கேட்காமல் ‘நாங்கள் என்ன செய்ய வேண்டும்’ என்று நீங்கள் கேட்டிருப்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருக்கிறது. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் மற்றதையெல்லாம் எழுதுகிறேன்.

முதலில் வயிற்றுக்குள் நடப்பதைப் பார்ப்போம். மனம் கலங்கும்போது உடம்பில் கார்ட்டிசால் என்னும் சுரப்பு உயர்கிறது. அது நஞ்சு அன்று. காலையில் நாம் விழித்தெழுவதற்கே அது வேண்டும், கர்ப்ப காலத்தில் எல்லாத் தாய்மாருக்கும் அது இயல்பாகவே உயரும், வயிற்றுப் பிள்ளையின் நுரையீரல் முதிர்வதற்கும் அது தேவைப்படுகிறது. தாயின் இரத்தத்தில் இருப்பது அப்படியே பிள்ளையிடம் போய்விடாதபடி நஞ்சுக்கொடியில் ஒரு நொதி காவல் காக்கிறது; வருகிற கார்ட்டிசாலில் பெரும்பகுதியை வீரியமற்ற இன்னொரு பொருளாக மாற்றிய பிறகே அது உள்ளே விடுகிறது. கடுமையான கலக்கமோ பயமோ மாதக்கணக்கில் நீடித்தால் இந்தக் காவல் சற்றுத் தளரக்கூடும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். குறைமாதப் பிரசவத்துக்கும் எடை குறைந்து பிறப்பதற்கும் உள்ள வாய்ப்பு அந்நிலையில் ஓரளவு கூடுகிறது என்பதும் பல நாடுகளில் பார்க்கப்பட்டிருக்கிறது.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் 1991, 1992 ஆண்டுகளில் பிள்ளை பெறவிருந்த ஏறத்தாழ 14,000 பெண்களைப் பதிவு செய்து, அவர்களுடைய பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்து வந்தார்கள். கர்ப்பத்தின் பிற்பகுதியில் மிகுந்த பதற்றத்தோடு இருந்த தாய்மாரின் பிள்ளைகளிடம், நான்கு வயதில் நடத்தைச் சிக்கலோ மனச்சிக்கலோ காணப்படும் வாய்ப்பு மற்றப் பிள்ளைகளைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது என்று தாமஸ் ஓகானரும் விவெட் குளோவரும் 2002இல் எழுதினார்கள். இதைப் படிக்கும்போது ‘இரண்டு மடங்கு’ என்ற சொல் மட்டும் கண்ணில் படும். அந்தத் தாய்மாரின் பிள்ளைகளிலும் மிகப் பெரும்பாலோர் எந்தச் சிக்கலும் இல்லாமலே வளர்ந்தார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். வாய்ப்பு கூடுவது வேறு, தலையெழுத்து வேறு. உங்கள் மகளிடம் இதைச் சொல்வதானால் இரண்டாவது பாதியை முதலில் சொல்லுங்கள்.

நம் பெரியவர்கள் இந்த இடத்தில் நுட்பமாக நடந்துகொண்டிருக்கிறார்கள் என்று எனக்கு அடிக்கடி தோன்றும். பிள்ளைத்தாய்ச்சி ஆசைப்பட்டுக் கேட்டதைக் கொடுக்காவிட்டால் பிறக்கும் பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும் என்று சொல்லுவார்கள் அல்லவா? மருத்துவப்படி அது சரியன்று. காதில் சீழ் வடிவது கிருமியால் வருவது. ஆனால் அந்தச் சொல் யாரைப் பயமுறுத்துகிறது என்று பாருங்கள். வாயும் வயிறுமாக இருக்கிறவளை அது பயமுறுத்தவில்லை; அவள் கேட்டதைக் கொடுக்க வேண்டிய வீட்டாரைப் பயமுறுத்துகிறது. உங்கள் உறவினர் சொன்னதோ பொறுப்பு முழுவதையும் எடுத்து அவள் மடியிலேயே போட்டுவிட்டது. வளைகாப்பில் கை நிறையக் கண்ணாடி வளையல் போட்டு அனுப்புவதையும் இந்த வகையில் வைத்தே பார்க்கிறேன்; அந்த வளையோசை உள்ளே இருக்கும் பிள்ளைக்கும் கேட்கும். ஆறு, ஏழு மாதத்திலிருந்து வயிற்றுப் பிள்ளை வெளியோசைக்கு அசைகிறது; பிறந்த சில நாளுக்குள் அது மற்றப் பெண்களின் குரலைவிடத் தன் தாயின் குரலையே விரும்பிக் கேட்கிறது என்று டிகாஸ்பர், ஃபைஃபர் என்னும் இரு ஆய்வாளர்கள் 1980இல் காட்டினார்கள். உங்கள் மகள் இன்றைக்கு உங்களோடு நாலு வார்த்தை பேசினால் அதையும் ஒரு சின்னக் காது கேட்டுக்கொண்டிருக்கிறது. இதை ஒரு கடமையாகச் சொல்ல வேண்டாம், ஒரு செய்தியாக மட்டும் சொல்லுங்கள்.

பிறந்த பிறகு தாயின் மனம் பிள்ளையை எட்டும் பாதை இன்னும் அகலமானது, கண்ணுக்குத் தெரிவது. பிறந்த குழந்தைக்குத் தெளிவாகத் தெரியும் தூரம் சுமார் 20 முதல் 30 சென்டிமீட்டர்தான். பால் கொடுக்கும்போது தாயின் முகம் இருக்கும் தூரம் அது. ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்குகிறது. அது சிரிக்க, இவள் சிரிக்க, அது ‘ங்கா’ என்க, இவள் ‘என்னடா கண்ணு’ என்க, அந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் பிள்ளையின் மொழியும், தன்னைத் தானே அமைதிப்படுத்திக்கொள்ளும் திறனும், இந்த உலகம் நம்பத்தக்கது என்ற உணர்வும் முளைவிடுகின்றன. மூளையின் எடை முதல் ஓராண்டிலேயே ஏறக்குறைய இரு மடங்காகிறது. அந்த வளர்ச்சிக்குப் பால் எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு இந்தப் பதில் முகமும் வேண்டும்.

அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டிரானிக் 1978இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. தாய் குழந்தையோடு சற்று நேரம் கொஞ்சி விளையாடுவாள். பிறகு சொல்லி வைத்தபடி முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும், கையை ஆட்டும், குரல் கொடுக்கும், மறுபடி பார்க்கும், ஒன்றும் பலிக்காதபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு தளர்ந்துவிடும். நான் இதை ஆய்வுக்கூடத்தில் பார்க்கவில்லை, என் மேசைக்கு எதிரே பார்த்திருக்கிறேன். மூன்று மாதக் குழந்தை ஒன்றை எடை கூடவில்லை என்று கொண்டுவந்தார்கள். மடியில் கிடந்த அது தன் தாயைப் பார்க்கவே இல்லை, மேலே சுழன்ற மின்விசிறியைப் பார்த்தபடி இருந்தது. நான் குனிந்து பேசியபோதும் என் முகத்தைப் பார்வையால் தொட்டுவிட்டுக் கண்ணை விலக்கிக்கொண்டது. அந்தத் தாய் கெட்டவள் இல்லை. நேரத்துக்குப் பால் கொடுத்தாள், துணி மாற்றினாள், தடுப்பூசி ஒன்றையும் தவறவிடவில்லை. முகத்தில் கொண்டுவருவதற்கு அவளிடம் ஒன்றும் மிச்சமில்லாமல் போயிருந்தது. அவளுக்குச் சிகிச்சை தொடங்கி, வீட்டில் இரவுக் காவலை அவளுடைய தங்கை ஏற்றுக்கொண்டு, இரண்டரை மாதம் கழித்து வந்தபோது அதே குழந்தை நான் ஸ்டெதாஸ்கோப்பை வைப்பதற்குள் தாயின் பக்கம் திரும்பி, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அழுதது. பயந்தால் யாரைப் பார்க்க வேண்டும் என்று அதற்குத் தெரிந்துவிட்டிருந்தது. அந்த அழுகையைக் கேட்டு எனக்கு உண்டான நிம்மதியை இன்றும் மறக்கவில்லை.

டிரானிக்கின் ஆய்வுகளில் இன்னொரு செய்தியும் உண்டு. நல்ல நலத்தோடு இருக்கும் தாய்க்கும் குழந்தைக்கும் இடையிலும்கூட முகத்துக்கு முகம் ஒத்துப்போகும் நேரம் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். மற்ற நேரமெல்லாம் தவறவிடுவதும், பிறகு கண்டுகொண்டு சேர்வதுமாகவே போகிறது. அந்தத் திரும்பச் சேர்வதுதான் குழந்தைக்குப் பாடம். ஆகவே நாள் முழுதும் சிரித்த முகமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் எந்தத் தாய்க்கும் இல்லை. அந்த முகம் எப்போதும் தாயினுடையதாகவே இருக்க வேண்டும் என்பதும் இல்லை. பாட்டியான ஆயா முகம், தாத்தாவான ஐயா முகம், தகப்பனான அப்பச்சி முகம் எல்லாம் குழந்தைக்குச் செல்லுபடியாகும்.

மனச்சோர்வு குழந்தையின் உடம்பையும் தொடும். கோவாவில் விக்ரம் படேலும் அவருடைய குழுவினரும் தாய்மாரைத் தொடர்ந்து பார்த்து 2003இல் எழுதியபடி, பிரசவத்துக்குப் பிறகு மனச்சோர்வுற்ற தாய்மாரின் குழந்தைகளிடம் ஆறு மாதத்தில் வளர்ச்சிக் குறைவு கூடுதலாகக் காணப்பட்டது. காரணம் எளிமையானது: பால் கொடுப்பது, பேதியானால் உடனே உப்புச் சர்க்கரைக் கரைசல், அழுகையின் வேறுபாட்டைக் கேட்டுப் புரிந்துகொள்வது எல்லாவற்றுக்கும் ஒரு ஊக்கம் வேண்டும், மனச்சோர்வு முதலில் எடுத்துக்கொண்டு போவது அந்த ஊக்கத்தை.

இனி, எது இயல்பு, எது நோய் என்பதற்கு வருகிறேன். பிரசவமான மூன்றாவது, நான்காவது நாள் காரணமில்லாமல் கண்ணீர் வருவதும், சுள்ளென்று கோபம் வருவதும் பாதிக்கு மேற்பட்ட தாய்மாருக்கு உண்டு; சுரப்புகள் சட்டென்று இறங்குவதாலும் தூக்கம் கெடுவதாலும் வருவது அது, இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கும். மனச்சோர்வு அப்படிப்பட்டதன்று. நாளில் பெரும்பகுதி மனம் இருண்டு கிடப்பது, எதிலும் பிடிப்பில்லாமை, தூங்க வாய்ப்பிருந்தும் தூங்க முடியாமை, பசியின்மை, நான் எதற்கும் லாயக்கில்லை என்ற நினைப்பு ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் அதற்கு மருத்துவம் வேண்டும். பிரசவத்துக்குப் பிறகுதான் இது வரும் என்று பலர் நினைக்கிறார்கள். கர்ப்ப காலத்திலேயே தொடங்கிவிடுவது மிகவும் சாதாரணம். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்கள் மகளுக்கு மூன்று வாரம் ஆகிவிட்டது. ‘மசக்கைதான், பிள்ளை பிறந்தால் சரியாகும்’ என்று காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே காட்டுங்கள்.

மூன்றாவது ஒன்று உண்டு, அது அரிது, ஆயிரம் பிரசவத்தில் ஒன்று அல்லது இரண்டு. பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள் வரும். தூக்கமே தேவைப்படாதவள்போல் இரவு பகலாக விழித்திருப்பாள், பேச்சு தொடர்பறும், இல்லாத குரல் கேட்கும், பிள்ளை தன்னுடையது இல்லை என்றோ, அதற்கு யாரோ தீங்கு செய்கிறார்கள் என்றோ உறுதியாக நம்புவாள். முன்பு இதைப் பிரசவ ஜன்னி என்றார்கள். காத்துக் கருப்பு என்று மந்திரிக்கக் கொண்டுபோன குடும்பங்களை நானே பார்த்திருக்கிறேன். துன்னூறு பூசுவதில் எனக்கு மறுப்பில்லை, ஆனால் அதைப் பூசிக்கொண்டே மருத்துவமனைக்குப் போகும் வண்டியில் ஏறிவிட வேண்டும். அது ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாத அவசரம். தாயையும் பிள்ளையையும் தனியாக விடக் கூடாது. சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படும் நோயும் அதுதான்.

மனச்சோர்வு எவ்வளவு பரவலானது என்று தெரிந்தால் உங்கள் மகளுக்கே பாதி வெட்கம் போய்விடும். உலகச் சுகாதார நிறுவனத்தின் இதழில் 2017இல் வெளியான ஒரு தொகுப்பு, இந்தியாவில் நடந்த 38 ஆய்வுகளில் இடம்பெற்ற 20,000க்கு மேற்பட்ட தாய்மாரை எடுத்துக்கொண்டு, பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு 22 சதவீதம் என்று கணக்கிட்டது. ஐந்து பேரில் ஒருவர். தமிழகக் கிராமப்புறத்தில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் செய்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், பிரசவத்துக்குப் பிறகு புதிதாக மனச்சோர்வு வந்தவர்கள் மட்டுமே 11 சதவீதம். அந்த ஆய்வு கண்ட காரணங்களைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்: குறைந்த வருமானம், ஆண் பிள்ளை வேண்டும் என்றிருக்கப் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் உறவு சரியில்லாமை, கர்ப்ப காலத்தில் நேர்ந்த துயர நிகழ்ச்சி, ஒத்தாசைக்கு ஆள் இல்லாமை. இவற்றுள் எது அந்தப் பெண்ணுடைய குற்றம்? ஒன்றுகூட இல்லை. எல்லாம் அவளைச் சுற்றியிருப்பவை.

செட்டிநாட்டு வீடுகளை நினைத்துப் பார்க்கிறேன். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் மூன்று மூன்று ஆண்டுக் கணக்கில் ஆண்கள் கொண்டுவிக்க, அதாவது வாணிபம் செய்ய, போன காலத்தில், புருஷன் முகம் பாராமலே பிள்ளை பெற்ற ஆச்சிமார் எத்தனை பேர்! கப்பல் தபாலில் பிள்ளை பிறந்த செய்தி போய், பெயர் வைத்த செய்தி போய், அப்பச்சி வந்து பார்க்கும்போது பிள்ளை முகப்பில் ஓடி விளையாடிக்கொண்டிருக்கும். அந்தப் பிரிவு வலிக்காமல் இருந்திருக்காது. ஆனால் வளவைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது மணமான ஒவ்வொரு மகன் குடும்பத்துக்கும், தனி அறையும் தனி அடுப்பும் இருந்தாலும், நடுவில் இருந்த முற்றம் ஒன்றுதான். பச்சை உடம்புக்காரி எழுந்திருக்கவில்லை என்றால் எதிர் அறை ஆச்சிக்குத் தெரிந்துவிடும். பூண்டுக் குழம்பும் சுறாப் புட்டும் மருந்தும் யாராவது ஒருவர் கையால் வந்துவிடும். பிள்ளை அழுதால் தூக்க நாலு தோள் இருக்கும். அந்தக் காலம் பொன்னானது என்று சொல்ல மாட்டேன். வாய்விட்டு அழ இடமில்லாத வீடாகவும் அது பலருக்கு இருந்திருக்கிறது. இன்றோ கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் அத்தனை பெரிய வீட்டில் இரண்டு முதியவர்கள். சென்னையில் அடுக்குமாடியில் இருந்துவிட்டு ஏழாம் மாதம் வந்து இறங்கும் பெண்ணுக்கு, பெரிய வீடும் மூடிய அறைகளும்தான் துணை. மாப்பிள்ளை கடல் தாண்டி இருப்பது மட்டும் அப்படியே இருக்கிறது, முற்றத்து மனிதர்கள் போய்விட்டார்கள்.

ஆத்தங்குடியில் தரைக்கல் செய்யும் பட்டறைகளிலும், இதே பெரிய வீடுகளைக் கூட்டிப் பெருக்கியும் பிழைக்கும் குடும்பத்துப் பெண்களின் நிலைமையை இங்கே சொல்லாமல் போனால் மனம் ஒப்பாது. தாய்வீட்டில் நாற்பது நாள் படுக்கை என்பதே அவர்களில் பலருக்குக் கிடையாது. இருபதாம் நாள் தண்ணீர்க் குடம் தூக்குகிறார்கள். வறுமையும் களைப்பும் கூடும் இடத்தில்தான் இந்த நோயும் கூடுகிறது, அங்கேதான் இதைக் கேட்பார் மிகக் குறைவு.

கேட்பது என்பதே பெரிய வைத்தியம். எடின்பரோவில் ஜான் காக்ஸ் குழுவினர் 1987இல் உருவாக்கிய பத்துக் கேள்விகள் உண்டு. கடந்த ஏழு நாளில் சிரிக்க முடிந்ததா, எதையாவது ஆவலோடு எதிர்பார்க்க முடிந்ததா, காரணமில்லாமல் பயம் வந்ததா என்று போகும். பத்தாவது கேள்வி தனக்குத் தானே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. தமிழிலும் இருக்கிறது, ஐந்து நிமிட வேலை. மொத்தம் 30 மதிப்பெண்ணில் 13 அல்லது அதற்கு மேல் வந்தால் மனநல மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும் என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறோம். 10 வந்தாலே நான் கவனிக்கத் தொடங்கிவிடுவேன். ஆனால் எங்கே வைத்துக் கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு பெண்ணிடம் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கக் கேட்டேன். பத்துக்கும் ‘நல்லாத்தான் இருக்கேன்’ என்றாள். குழந்தையை எடை பார்க்கச் சொல்லி அந்த அம்மாவை அடுத்த அறைக்கு அனுப்பினேன். கதவு சாத்திய ஓசை அடங்குவதற்குள், “டாக்டரம்மா, பிள்ளையைப் பாத்தா எனக்கு ஒண்ணுமே தோண மாட்டேங்குது, நான் என்ன பொம்பளை” என்று கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் முதலில் அவளுக்குச் சொன்னது, இது ஒரு நோயின் அறிகுறி, உன் குணம் இல்லை என்பதுதான். அதன் பிறகே அவளால் மூச்சு விட முடிந்தது.

ஆகவே ஆச்சி, நீங்கள் முதலில் செய்ய வேண்டியது, வீட்டில் வேறு யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து அவள் பக்கத்தில் உட்காருவது. ‘ஏன் அழுகிறாய்’ என்று கேட்டால் அவள் காரணம் தேடித் திணறுவாள். “ஆத்தா, ராத்திரி தூக்கம் வரலையா, படுத்தா என்ன நெனப்பு வருது?” என்று கேளுங்கள். பதில் வரும்வரை பேசாமல் இருங்கள். ‘உனக்கு என்ன குறை’ என்பதும், ‘நாங்களெல்லாம் பெறவில்லையா’ என்பதும் வேண்டாம். எனக்குத் தோன்றுவது, சென்ற ஆண்டு கலைந்த கருவைப் பற்றி அந்த வீட்டில் ஒருவரும் பேசியிருக்க மாட்டார்கள். பிறகு வந்த கர்ப்பத்தில் ஒவ்வொரு வயிற்று வலிக்கும், ஒவ்வொரு ஸ்கேனுக்கும் முன்னால் அந்தப் பயம் எழுந்து நிற்கும். முதல் பிள்ளைக்காக அழாமல் விட்ட அழுகையும் இப்போது சேர்ந்து வரும். நீங்களே அந்தப் பேச்சை எடுங்கள். அதைச் சொன்னால் அவள் உடைந்துவிடுவாள் என்று பயப்பட வேண்டாம். அதை அவள் மறந்திருக்கவே இல்லை. சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்றும் நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. இருந்தால் வெளியே வரும். ஆம் என்றால் அன்றே மருத்துவமனை. மாப்பிள்ளை வீட்டில் அடி, மிரட்டல், பணக் கேட்பு ஏதேனும் இருந்ததா என்பதையும் அவள் சொல்ல இடம் கொடுங்கள். பெண்களுக்கான 181 உதவி எண் அதற்காக இருக்கிறது.

அடுத்து உடம்பைப் பாருங்கள். இரத்தசோகையும் தைராய்டுக் குறைவும் மனச்சோர்வைப் போலவே நடிக்கும், மனச்சோர்வோடு கைகோத்தும் வரும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருக்கிறது என்று 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. இரண்டு பரிசோதனையும் ஆரம்பச் சுகாதார நிலையம் வழியாகவே செய்துகொள்ளலாம். உங்கள் ஊர்க் கிராம சுகாதார செவிலியரிடம் மனக்கலக்கத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். இரும்புச்சத்து மாத்திரைக்கு மட்டும் உரியவர் அல்லர் அவர். சிவகங்கையிலும் புதுக்கோட்டையிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. நள்ளிரவில் என்ன செய்வதென்று தெரியாவிட்டால், 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்னும் அரசுத் தொலைபேசி மனநலச் சேவையின் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

மனநல மருத்துவர் என்றதும் மாத்திரை என்று பயப்படுகிறார்கள். மிதமான நிலைக்குப் பேச்சு வழிச் சிகிச்சையே பெரும்பாலும் போதும். கடுமையாக இருந்தால் கர்ப்பத்திலும், பால் கொடுக்கும்போதும் கொடுக்கத்தக்க மருந்துகள் உண்டு. எடுத்துக்காட்டாக செர்ட்ராலின் என்னும் மனச்சோர்வு மருந்து பாலில் மிகச் சிறிதளவே கலக்கிறது. வால்புரோயேட்டு போன்ற, கருவுக்குத் தீங்கு செய்யும் மருந்துகளும் உண்டு, அதனால்தான் மருத்துவரைக் கேட்காமலோ பழைய சீட்டைக் காட்டியோ வாங்கக் கூடாது. ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள் கர்ப்பம் தெரிந்ததும் தாமாகவே சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தாலும் தாயிடமிருந்து பிள்ளையைப் பிரிப்பார்கள் என்ற அச்சம் வேண்டாம். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சிகிச்சை பெறும் தாயிடமிருந்து பொதுவாகப் பிரிக்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமே சொல்கிறது. பெங்களூருவில் உள்ள தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸில் தாயும் சேயும் சேர்ந்தே தங்கும் தனிப் பிரிவு 2009 முதல் நடக்கிறது.

வீட்டாரால் இவ்வளவு செய்ய முடியுமா என்று உங்களுக்குத் தோன்றலாம். பாகிஸ்தானின் கிராமங்களில் ஆதிஃப் ரஹ்மான் என்னும் மருத்துவர், நம் ஊர்க் கிராம சுகாதாரப் பணியாளரைப் போன்ற பெண்களுக்குச் சில நாள் பயிற்சி கொடுத்து, மனச்சோர்வுற்ற கர்ப்பிணிகளின் வீடுகளுக்கு அனுப்பினார். அவர்கள் பேசியது மூன்றைப் பற்றித்தான்: தாயின் நலம், பிள்ளையோடு அவளுக்குள்ள உறவு, அவளைச் சுற்றியுள்ளவர்களின் துணை. குழந்தைக்கு ஆறு மாதமானபோது, அந்தப் பயிற்சி பெறாத பணியாளர்கள் போன வீடுகளில் 53 சதவீதத் தாய்மார் இன்னும் மனச்சோர்வில் இருக்க, இவர்கள் போன வீடுகளில் அது 23 சதவீதமாக இறங்கியிருந்தது என்று 2008இல் லான்செட் என்னும் மருத்துவ இதழில் எழுதினார். குழந்தைகளின் எடையிலும் உயரத்திலும் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. ஆனால் பேதி குறைந்தது, தடுப்பூசி கூடியது, தாயும் தகப்பனும் பிள்ளையோடு விளையாடும் நேரம் கூடியது. மாமியாரையும் கணவரையும் சேர்த்துக்கொண்டு பேசியதுதான் அந்த முறையின் உயிர் என்று நான் நினைக்கிறேன்.

மாப்பிள்ளையிடமும் ஒரு சொல் சொல்லுங்கள். காணொளியில் அழைக்கும்போது ‘பிள்ளை அசைகிறதா, ஸ்கேன் என்ன சொன்னது’ என்பதற்கு முன்னால், ‘நீ இன்றைக்குச் சாப்பிட்டாயா, தூங்கினாயா’ என்று கேட்க வேண்டும். நாள்தோறும் ஒரே நேரத்துக்கு அழைத்தால் அந்த நேரத்தை நோக்கி அவள் நாள் நகரும். பிறகு பிள்ளை பிறந்ததும் தன் குரலை அதற்குக் கேட்கச் செய்ய வேண்டும்.

பிரசவத்துக்குப் பின் மருந்து, பத்தியம், எண்ணெய்க் குளியல் எல்லாம் உங்கள் வழக்கப்படி நடக்கட்டும், குடிக்கும் தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள். நான் கேட்டுக்கொள்வது ஒன்று: இரவில் தொடர்ந்து நான்கு, ஐந்து மணி நேரம் அவள் விழிக்காமல் தூங்க வழி செய்யுங்கள். பத்து மணிக்குப் பால் கொடுத்தபின் பிள்ளையை நீங்கள் உங்கள் அறைக்கு எடுத்துக்கொண்டு போகலாம். இடையில் பசித்தால் பீய்ச்சி வைத்த பாலைப் பாலாடையில் புகட்டலாம். மனச்சோர்வு வரும் வாய்ப்புள்ள தாய்க்குத் தூக்கம் மருந்துக்குச் சமம். பார்க்க வருகிறவர்கள் பிள்ளையின் நிறத்தையும் எடையையும், ஆணா பெண்ணா என்பதையும் பேசும் பேச்சை நீங்கள் முகப்பிலேயே நிறுத்திவிடுங்கள், பட்டாலை தாண்டி உள்ளே வர வேண்டாம். பிள்ளையைப் பார்த்து உடனே அன்பு பொங்கவில்லை என்று அவள் சொன்னால் பதற வேண்டாம். பலருக்கு அது வாரக்கணக்கில் மெல்ல ஊறி வருவதுதான். சட்டையில்லாத நெஞ்சில் பிள்ளையைச் சாய்த்து வைக்கச் சொல்லுங்கள், தாலாட்டத் தெரிந்தவர் நீங்கள், பக்கத்தில் உட்கார்ந்து பாடுங்கள். அவளும் முணுமுணுக்கத் தொடங்குவாள்.

ஆறாவது வாரம் பிள்ளைக்குத் தடுப்பூசி போட வருவீர்கள். செவிலியர் பிள்ளையின் எடையைக் குறித்துக்கொண்டு அட்டையைத் திருப்பித் தந்ததும் கிளம்பிவிடாமல், ‘என் மகளையும் கேளுங்கள்’ என்று சொல்லிவிட்டு, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நீங்கள் வெளியே வந்து உட்காருங்கள்.